ஜெர்ரி கார்சியா: ரசிகர்களை ரெக்கார்ட் செய்யவிட்ட ராக் கலைஞர்... அவருடைய கச்சேரிகள் ‘லாஸ்லெஸ்’ ஆடியோவில் தேடப்படுவது ஏன்?

பெரும்பாலான ராக் பேண்டுகளுக்கு ஸ்டுடியோ ஆல்பம்தான் அடையாளம். கச்சேரிக்கு யாராவது டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் பேண்ட் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். ரெக்கார்ட் செய்ய வருபவர்களுக்கு என்றே தனி டிக்கெட், தனி இடம். அப்படிச் சேர்ந்த கச்சேரிகள்தான் இன்று லாஸ்லெஸ் எனப்படும் தரம் குறையாத ஆடியோ ஃபைல்களாக உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பேண்டின் முகமாக இருந்தவர் கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா. 1995-ல், 53 வயதில் மறைந்தார். யார் இவர்? தன் இசையைப் பூட்டி வைக்காமல் ஏன் விட்டுக்கொடுத்தார்? லாஸ்லெஸ் என்றால் என்ன? பார்க்கலாம்.

விரலையும் தந்தையையும் இழந்த சிறுவன்

ஜெர்ரி கார்சியா 1942 ஆகஸ்ட் 1-ம் தேதி கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். ஸ்பெயினிலிருந்து குடியேறிய தந்தை ஜோசே, இசைக்குழு நடத்தியவர்; பிறகு துறைமுகம் பக்கம் மதுக்கூடம் வைத்தார். தாய் ரூத், செவிலியர், பியானோ வாசிப்பார். இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் நினைவாகத்தான் மகனுக்கு ஜெரோம் என்று பெயர் வைத்தார்கள். அதுதான் சுருங்கி ஜெர்ரி ஆனது.

நான்கு வயதில் முதல் அடி. அண்ணன் கோடரியால் விறகு வெட்ட, தம்பி கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வெட்டு தவறி விழுந்ததில் வலது கை நடுவிரலின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பின்னாளில் உலகின் பெரிய கிட்டாரிஸ்ட்களில் ஒருவராகப் பேசப்பட்டவர், அந்தக் குறையோடுதான் கடைசி வரை வாசித்தார்.

அந்தக் காயம் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1947-ல் மீன் பிடிக்கப் போன இடத்தில் தந்தை ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். மதுக்கூடத்தைத் தாய் எடுத்து நடத்த வேண்டிய நிலை. சிறுவன் ஜெர்ரி தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில் சில வருடங்கள் வளர்ந்தான்.

15-வது பிறந்தநாளுக்கு அம்மா வாங்கித் தந்தது ஒரு அக்கார்டியன். பையனுக்கு அதில் மனசே இல்லை. அடம்பிடித்து, அதை அடகுக் கடையில் கொடுத்து எலெக்ட்ரிக் கிட்டாராக மாற்றிக்கொண்டான். படிப்பு ஏறவில்லை. 1960-ல் ராணுவத்தில் சேர்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போவது வழக்கமாகிவிட்டதால், அந்த வருடம் முடிவதற்குள்ளேயே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1961 பிப்ரவரியில் பாலோ ஆல்டோ அருகே அவர் போன கார் வேகமாகப் போய்க் கவிழ்ந்தது. கார்சியா கண்ணாடி வழியாகத் தூக்கி எறியப்பட்டும் தப்பினார். கூட வந்த நண்பர் இறந்துவிட்டார். அதுவரை ஏனோதானோ என்று திரிந்த கார்சியா, தன் வாழ்க்கை உண்மையில் அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் கருதினார். அதற்குப் பிறகு ஒரு நாளில் பல மணி நேரம் வாசிப்பதுதான் வேலை.

அவரே ஒரு டேப்பர்தான்

கச்சேரிகளை ரெக்கார்ட் செய்து சேர்ப்பவர்களை ஆங்கிலத்தில் டேப்பர் என்பார்கள். கார்சியாவின் ரசிகர்கள் டேப்பர் ஆவதற்கு முன்பே கார்சியா டேப்பராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

60-களின் தொடக்கத்தில் அவருக்கு புளூகிராஸ் இசை மீது பைத்தியம். பேஞ்சோ, ஃபிடில், மாண்டலின் சேர்ந்து வேகமாகப் போகும் அமெரிக்கக் கிராமிய இசை அது. அந்த இசையின் நல்ல வாசிப்புகள் எல்லாம் இசைத்தட்டில் வந்துவிடாது. மேடையில் நடக்கும், அதோடு காற்றில் போய்விடும். அதனால் 1964-ல் நண்பர் சாண்டி ராத்மனுடன் காரில் ஏறி, டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு நாட்டின் மறுபக்கம் வரை போனார். இந்தியானா மாநிலத்தின் பீன் பிளாசம் போன்ற இடங்களில் கச்சேரி கேட்பதும், பதிவு செய்வதும், மற்றவர்களிடம் உள்ள டேப்களைப் பிரதி எடுப்பதும்தான் பயணத்தின் நோக்கம். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அது நடக்கவில்லை.

இருபது வருடம் கழித்து தன் கச்சேரிக்கு மைக்கோடு வந்து நின்ற இளைஞர்களை அவர் ஏன் விரட்டவில்லை என்பதற்குப் பாதி பதில் இந்தப் பயணத்தில் இருக்கிறது.

கிரேட்ஃபுல் டெட் உருவானது எப்படி?

ஊர் திரும்பிய கார்சியா, பாப் வியர், பிக்பென் எனப்படும் ரான் மெக்கெர்னன் ஆகியோருடன் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்மர் பில் க்ரூட்ஸ்மன், பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷ் இருவரும் சேர, 1965-ல் வார்லாக்ஸ் என்ற பேண்ட் உருவானது. அதே பெயரில் வேறொரு பேண்ட் இருந்ததால் பெயரை மாற்ற வேண்டி வந்தது. ஒரு அகராதியைப் புரட்டியபோது கார்சியாவின் கண்ணில் பட்டதுதான் கிரேட்ஃபுல் டெட்: தன்னை நல்லடக்கம் செய்தவருக்கு நன்றிக்கடன் தீர்க்கும் இறந்தவனைப் பற்றிய நாட்டுப்புறக் கதை வகையின் பெயர்.

எழுத்தாளர் கென் கீஸி நடத்திய, போதையும் வெளிச்சமும் இசையும் கலந்த விருந்துகளில் இந்தப் பேண்ட் வளர்ந்தது. எல்எஸ்டி அப்போது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம் இல்லை; 1966 அக்டோபரில்தான் தடை வந்தது. இந்த விருந்துகளில் யாரும் மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதனால் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இழுத்துக்கொண்டே போகலாம். ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் நுழையலாம். இன்று வாசித்த மாதிரி நாளை வாசிக்க மாட்டார்கள். 20 நிமிடத்தையும் தாண்டிப் போகும் டார்க் ஸ்டார் இதற்குப் பெயர் போனது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு இரவும் வேறு என்றால், ஒரே ஒரு ஆல்பத்தை வாங்கி என்ன பயன்? 30 வருடத்தில் இந்தப் பேண்ட் வாசித்தது 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ரசிகர்களைப் பொறுத்தவரை அந்தக் கச்சேரிகள்தான் பேண்டின் உண்மையான படைப்பு.

ஒலியின் மீது வெறி பிடித்த கூட்டம்

பேண்டின் ஆரம்பகால ஒலிப் பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லி. எல்எஸ்டி தயாரித்துச் சிறை சென்றவர் என்றுதான் இவர் பெயர் செய்திகளில் வந்தது. ஆனால் இசையுலகில் அவருக்கு வேறு முகம். கச்சேரிக்குத் தான் கொடுத்த ஒலி சரியாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு இரவையும் டேப்பில் பதிந்து வைப்பார். கச்சேரி முடிந்ததும் பேண்டும் உட்கார்ந்து கேட்கும். தப்பு எங்கே, நன்றாக வந்தது எங்கே என்று தெரியும். விற்பதற்காக எடுத்த பதிவு இல்லை. தங்களைத் தாங்களே கேட்டுப் பார்க்க எடுத்தது.

அந்த வெறி 1974-ல் உச்சத்துக்குப் போனது. வால் ஆஃப் சவுண்ட் என்ற பெயரில் 600-க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களைப் பேண்டின் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கினார்கள். மொத்த எடை சுமார் 75 டன். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை. ரசிகருக்குக் கேட்பதே வாசிப்பவருக்கும் கேட்கும். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது கட்டுப்படியாகவில்லை. அந்த வருடம் அக்டோபரில் கச்சேரிகளை நிறுத்திய பேண்ட், 1976-ல்தான் முழுமையான பயணத்துக்குத் திரும்பியது.

அடுத்த வருடம், 1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்திலும் அன்று வெளியே பனி கொட்டியது. உள்ளே பேண்ட் வாசித்ததைப் பொறியாளர் பெட்டி கேன்ட்டர் ஜாக்சன் மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தார். பேண்டின் மிகச் சிறந்த இரவு இதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம்.

ஏலத்துக்குப் போன டேப்கள்

கார்னெல் பதிவு பிழைத்ததே பெரிய கதை. பெட்டி எடுத்த டேப்கள் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தன. வாடகை கட்ட முடியாமல் போக, 1986-ல் உள்ளே இருந்த பொருட்களோடு டேப்களும் ஏலத்துக்குப் போயின. கைமாறிய பல டேப்கள் வருடக்கணக்கில் சரியான பராமரிப்பு இல்லாமல் கிடந்தன. பிறகு ரசிகர்களே அவற்றைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, பிரதி எடுத்துப் பரப்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011-ம் ஆண்டுக்கான பட்டியலில் கார்னெல் கச்சேரியைச் சேர்த்தது. முறையான ஆல்பமாக அது வெளிவந்ததோ 2017-ல், கச்சேரி நடந்து 40 வருடம் கழித்து.

இன்னொரு பக்கம், 70-களில் ரசிகர்கள் டேப் ரெக்கார்டரைப் பையிலும் சட்டைக்குள்ளும் மறைத்து அரங்குக்குள் கொண்டுபோனார்கள். 80-களில் மைக் கம்பங்கள் காடு மாதிரி வளர்ந்துவிட்டன. பின்னால் இருப்பவர்களுக்கு மேடை தெரியவில்லை என்று புகார். தடை போட்டுவிடலாம் என்ற யோசனை வந்தபோது கார்சியாவுக்கு அதில் விருப்பம் இல்லை. வாசித்து முடித்த இசை கேட்டவர்களுக்குச் சொந்தம், தங்களுக்கு அதோடு வேலை முடிந்தது என்பது அவர் நிலைப்பாடு. கடைசியில் 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரியில் டேப்பர்களுக்கு மிக்ஸருக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கப்பட்டது. நிபந்தனை ஒன்றுதான்: பிரதி எடுக்கலாம், கொடுக்கலாம், வாங்கலாம், காசுக்கு விற்கக் கூடாது.

லாஸ்லெஸ் என்றால் என்ன?

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டு பதிந்தால் லேசாக இரைச்சல் ஏறும். அதிலிருந்து மூன்றாவது, அதிலிருந்து நான்காவது என்று போனால், கடைசியில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். அதனால் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் ஒரு டேப்பை வாங்கும்போது முதலில் கேட்பது அதன் வம்சாவளியைத்தான்: மூலப் பதிவிலிருந்து இது எத்தனையாவது பிரதி?

டிஜிட்டல் காலம் வந்ததும் இந்தத் தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் எம்பி3 புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. மூன்று மணி நேரக் கச்சேரி என்றால் சுமார் 1.9 ஜிபி. அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் சுமார் 173 எம்பி தான். மீதி எங்கே போனது? மனிதக் காது கவனிக்காது என்று மென்பொருள் நினைக்கும் பகுதிகளைத் தூக்கி எறிந்துவிடுகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. எம்பி3-யை மறுபடி எம்பி3 ஆக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். கேசட் கதையேதான்.

லாஸ்லெஸ் முறை அப்படி இல்லை. ஜிப் ஃபைலில் ஒரு ஆவணத்தைச் சுருக்கி, திறக்கும்போது ஒரு எழுத்துகூட மாறாமல் திரும்ப எடுப்போம் இல்லையா? அதே மாதிரி ஒலியைச் சுருக்குவது. அடுத்து வரும் அளவு என்னவாக இருக்கும் என்று மென்பொருள் முன்கூட்டியே கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். ஃபைல் ஏறக்குறைய பாதியாகக் குறையும். திறந்தால் மூலம் அப்படியே கிடைக்கும். 90-களில் ஷார்ட்டன் என்ற முறையை ரசிகர்கள் பயன்படுத்தினார்கள். 2001-ல் வந்த, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஃபிளாக் அந்த இடத்தைப் பிடித்தது. ஃபிளாக் ஃபைலுக்குள்ளேயே கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதானா என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம்.

லைவ் கச்சேரிக்கு இது ஏன் முக்கியம்?

முதல் காரணம், எம்பி3 தடுமாறும் ஒலிகள் பெரும்பாலும் லைவ் கச்சேரிக்கே உரியவை. கைதட்டல், டிரம்ஸின் சிம்பல், அரங்கின் எதிரொலி. குறைந்த தர எம்பி3-யில் ஆயிரம் பேரின் கைதட்டல் தண்ணீர் கொட்டுவது போலக் கேட்கும்.

இரண்டாவது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே விடாத பேண்ட் இது. கார்னெல் கச்சேரியில் ஸ்கார்லெட் பிகோனியாஸ் பாட்டு ஃபயர் ஆன் த மவுண்டன் பாட்டுக்குள் நழுவிப் போகும் இடம் ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தது. எம்பி3 ஃபைல்களின் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு சின்ன வெற்றிடம் சேர்ந்துவிடும். சரியான அந்த இடத்தில் இசை ஒரு கணம் அறுந்தால் எப்படி இருக்கும்?

லாஸ்லெஸ் என்றாலே நல்ல ஒலி என்று அர்த்தம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவு மோசமாக இருந்தால் அந்த மோசமும் அப்படியே வரும். மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவில் ஒவ்வொரு கருவியும் தெளிவாக இருக்கும், ஆனால் அரங்கின் உயிர் இருக்காது. ரசிகர் மைக்கில் எடுத்ததில் அரங்கம் இருக்கும், பக்கத்து சீட்டுக்காரர் பேச்சும் இருக்கும். இரண்டையும் கலந்து மேட்ரிக்ஸ் என்று தயாரிப்பவர்களும் உண்டு. எம்பி3-யை ஃபிளாக் ஆக மாற்றினால் போனது திரும்ப வராது. இன்னொன்று, ப்ளூடூத் இயர்போன்களில் பெரும்பாலானவை ஒலியை மறுபடி சுருக்கித்தான் வாங்கும். வித்தியாசம் கேட்க வேண்டும் என்றால் ஒயர் வைத்த ஹெட்ஃபோன் நல்லது.

உடல் தாங்கவில்லை

இசையை விட்டுக்கொடுத்தவருக்கு மேடையை விட முடியவில்லை. 70-களின் பிற்பகுதியிலிருந்து ஹெராயின் பழக்கம். 1985 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் போதைப்பொருளோடு பிடிபட்டார். 1986 ஜூலையில் சர்க்கரை நோய் முற்றி கோமாவுக்குப் போய், ஐந்து நாள் கழித்து மீண்டார். எழுந்தவருக்குக் கிட்டார் வாசிப்பு மறந்துபோயிருந்தது. கீபோர்டு கலைஞர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்தில் இருந்து உதவ, முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அந்த வருடம் டிசம்பர் 15-ல் ஓக்லண்டில் கிரேட்ஃபுல் டெட்டுடன் மறுபடி மேடை ஏறினார்.

1987-ல் டச் ஆஃப் கிரே பாட்டு அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 22 வருடத்தில் பேண்டுக்குக் கிடைத்த அந்த அளவு வெற்றி அது ஒன்றுதான். அதன் பிறகு கூட்டம் ஸ்டேடியம் கொள்ளவில்லை. கச்சேரியை நம்பிப் பெரிய ஊழியர் கூட்டமே இருந்தது. நிறுத்தவும் முடியாது, ஓய்வெடுக்கவும் முடியாது. 1995 ஜூலையில் இந்தியானாவில் ஒரு கச்சேரியில் டிக்கெட் இல்லாதவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். கார்சியாவுக்குக் கொலை மிரட்டலும் வந்திருந்தது. அடுத்த நாள் கச்சேரி ரத்து.

ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் கடைசிக் கச்சேரி. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9-ம் தேதி, கலிஃபோர்னியாவின் ஃபாரஸ்ட் நோல்ஸில் உள்ள போதை மறுவாழ்வு மையத்தில் மாரடைப்பால் இறந்தார். 1996 ஏப்ரலில் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை மனைவி டெபோராவும் பாப் வியரும் இந்தியாவுக்குக் கொண்டுவந்து ரிஷிகேஷில் கங்கையில் கரைத்தார்கள். மீதி சான் ஃபிரான்சிஸ்கோ கடலில் கரைக்கப்பட்டது.

பதிவுகள் இப்போது யாருடையவை?

2002-ல் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கமற்ற டிஜிட்டல் நூலகம் லைவ் இசைக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தன. 2005 நவம்பரில் பேண்ட் தரப்பு திடீரென்று டவுன்லோடை நிறுத்தச் சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள். பேண்டின் ஃபில் லெஷுக்கே அதில் உடன்பாடு இல்லை. சில நாட்களில் சமரசம் வந்தது: ரசிகர்கள் மைக் வைத்து எடுத்தவற்றை டவுன்லோட் செய்யலாம், மிக்ஸரிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டும் செய்யலாம்.

பேண்டுக்கும் அதில் ஒரு நியாயம் இருந்தது. 1993-ல் தொடங்கிய டிக்ஸ் பிக்ஸ் வரிசை முதல், பழைய டேப்களை ஆல்பமாக வெளியிடுவதும் அதன் வருமான வழிகளில் ஒன்று. ஆனால் அந்த ஆல்பங்களை வாங்கியவர்கள் யார்? கேசட்டைக் கைமாற்றி, இரவு இரவாக வித்தியாசம் பார்த்துப் பழகிய அதே ரசிகர்கள்தான். டிக்ஸ் பிக்ஸைத் தொகுத்த டிக் லட்வாலாவே டேப் சேகரித்து வந்த ரசிகர்தான்; பிறகு பேண்டின் காப்பகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார்.

இந்தச் சேகரிப்பில் நல்ல இரவுகள் மட்டும் இல்லை. 1977-ல் கார்னெல்லில் கேட்கும் தெளிவான விரல்களும் இருக்கின்றன. 1995-ல் வரிகளை மறந்து, குரல் உடைந்து தடுமாறும் மனிதரும் இருக்கிறார். ஸ்டுடியோவில் என்றால் அதை வெட்டியிருப்பார்கள். டேப்பர்கள் வெட்டவில்லை, ஃபிளாக் எதையும் எறியவில்லை. அதனால்தான் சோல்ஜர் ஃபீல்ட் கச்சேரியைக் கேட்கும் பலரால் அதை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடிவதில்லை.